கணக்கு முடிக்கும் பாகம்: செட்டிநாட்டு இளையோர் மாயப்புனைவுத் தொடர் ஒன்றின் இறுதி நூல் குறித்த நிகழ்வு ஆய்வு

செட்டிநாட்டைக் களமாகக் கொண்டு மூன்று பாகங்களில் எழுதப்பட்ட இளையோர் மாயப்புனைவுத் தொடர் ஒன்றின் கடைசிப் பாகம், கைப்பிரதியாக என்னிடம் வந்த நாளிலிருந்து அச்சுக்குப் போகும்வரை என்னென்ன மாற்றங்களை அடைந்தது, அவை எதற்காகச் செய்யப்பட்டன என்பதை இந்த ஆய்வு பதிவு செய்கிறது. அந்தப் பாகத்தின் செம்மையாக்கப் பணியைக் காரைக்குடியிலிருந்து செய்தேன். பதிப்பகத்துடன் ஏற்பட்ட உடன்பாட்டின்படி நூலின் பெயரும் நூலாசிரியரின் பெயரும் இங்கே இடம்பெறவில்லை. பாத்திரங்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். கதையின் முடிவு முழுவதும் இங்கே வெளிப்படுகிறது. அதை மறைத்து இறுதிப் பாகம் ஒன்றை ஆராய வழியில்லை.

தொடரும் அதன் விதிகளும்

கானாடுகாத்தானுக்கு அருகில் உள்ள ஒரு சிற்றூரில், ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலும் கொண்ட பழைய நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடு ஒன்று இருக்கிறது. சென்னையில் வளர்ந்த பதின்மூன்று வயது வள்ளியம்மை, செவ்வாய்ப் பொங்கலுக்காகப் பெற்றோருடன் அங்கே வருகிறாள். வீட்டைக் காவல் காக்கும் முதியவரின் பேரன் முருகையா அவளுக்கு ஒத்த வயதினன். சாமி அறை மாடக்குழியில் இருக்கும் ஒரு வெற்றிலைப் பெட்டிக்குள், எரிக்கப்படாத இருபத்தொரு நூல் திரிகளை இருவரும் கண்டெடுக்கிறார்கள். அவற்றில் ஒன்றை ஏற்றிக்கொண்டு, வீட்டின் இரண்டாம் பகுதியான இரண்டாங்கட்டின் கதவைத் திறந்தால், கதவுக்கு அப்பால் மூன்றாங்கட்டு இருப்பதில்லை. அந்தக் கதவின் தேக்கு புறப்பட்டு வந்த பர்மா இருக்கிறது. ஆண்டு 1941.

முதற்பாகத்தில் பிள்ளைகள் ரங்கூனின் மொகல் தெருவுக்குப் போய், அங்கே ஒரு வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாக, அதாவது தொழில் பழகும் கடைப்பையனாக, இருக்கும் பன்னிரண்டு வயது நாச்சியப்பனைச் சந்திக்கிறார்கள். அவன் வள்ளியம்மையின் கொள்ளுத்தாத்தாவுக்குத் தம்பி. ஊருக்குத் திரும்பி வராதவன். இரண்டாம் பாகம் 1942-இன் தொடக்க மாதங்களில், ஜப்பானியப் படை நெருங்கிவர லட்சக்கணக்கான இந்தியர்கள் நடந்தே இந்தியாவுக்குத் திரும்பிய வழியில் நிகழ்கிறது. பர்மாவின் எல்லையூரான தமு வழியாக மணிப்பூருக்குச் செல்லும் அந்தப் பாதையில் நாச்சியப்பன் காய்ச்சலோடு அமர்ந்துவிட, இந்தப் பக்கம் வீட்டை விற்க முடிவெடுத்த பங்காளிகள் கதவுகளையும் தூண்களையும் பிரித்து விற்கத் தொடங்குகிறார்கள். இரண்டாங்கட்டுக் கதவு வண்டியேறிப் போவதோடு இரண்டாம் பாகம் முடிகிறது.

இந்த அமைப்பில் மூன்று விதிகள் இருந்தன. ஒருமுறை போய்வர ஒரு திரி செலவாகும். எந்த நாளுக்குக் கதவு திறக்கும் என்பது பிள்ளைகளின் விருப்பத்தில் இல்லை. அங்கிருந்து எதை எடுத்து வந்தாலும் அதே மதிப்புள்ள ஒன்றை அங்கே விட்டு வர வேண்டும். மூன்றையும் கண்காணிப்பவர் நிழற்கணக்கர் என்று பிள்ளைகள் அழைக்கும் முகமற்ற உருவம். அவர்கள் போகும் இடமெல்லாம் பேரேட்டைச் சுமந்துகொண்டு பின்னாலேயே வரும் அது, தொடரின் எதிர்நாயகனாக வைக்கப்பட்டிருந்தது.

அழ. வள்ளியப்பா பிறந்த இராயவரமும் தமிழ்வாணன் பிறந்த தேவகோட்டையும் அடங்கிய இந்த வட்டாரத்தில் சிறுவர் எழுத்துக்குப் பஞ்சம் இருந்ததில்லை. ஆயினும் அந்த மரபு பெரும்பாலும் பாடல், சிறுகதை, துப்பறியும் கதை ஆகியவற்றில் வளர்ந்தது. முதற்பாகத்தில் போட்ட முடிச்சை ஆண்டுகள் கழித்து மூன்றாம் பாகத்தில் அவிழ்க்க வேண்டிய நெடுந்தொடருக்கு முன்மாதிரிகள் குறைவு. நூலாசிரியருக்கு ஏற்பட்ட இடர்ப்பாட்டில் ஒரு பங்கு இதிலிருந்து வந்ததென்றே கருதுகிறேன்.

முதல் கைப்பிரதி

கைப்பிரதி சுவையாகவே இருந்தது. பிரிக்கப்பட்ட கதவு காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் உள்ள பழம்பொருள் கடை ஒன்றின் பின்கட்டில், பீங்கான் சாடிகளுக்கும் எனாமல் பாத்திரங்களுக்கும் பின்னால் சாத்திவைக்கப்பட்டிருக்கிறது. கடைக்காரருக்குத் தெரியாமல் பிள்ளைகள் அதன் வழியே போய்வரும் அத்தியாயங்களில் ஒரு வரியையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. அந்தத் தெருவில் நடந்து பழகியவர்களுக்கு, விலை கேட்டுக்கொண்டே நிற்பதுபோல் பாவனை செய்யும் முருகையா எத்தனை உண்மையான பையன் என்பது தெரியும்.

சிக்கல் நான்காம் அத்தியாயத்தில் தொடங்கியது. அதுவரை தொடரில் எங்கும் தலைகாட்டாத சித்தர் ஒருவர் பிரான்மலையிலிருந்து இறங்கி வந்து வள்ளியம்மையிடம் நாகமணி ஒன்றைக் கொடுக்கிறார். திரிகளை வீட்டில் வைத்தவரும் தாமே என்கிறார். மணியின் ஒளிபட்டதும் நிழற்கணக்கர் கரைந்துபோகிறார். நாச்சியப்பன் பன்னிரண்டு வயதுச் சிறுவனாகவே இன்றைய காலத்துக்கு அழைத்து வரப்படுகிறான். வீட்டை இடிக்க ஆட்கள் வந்த வேளையில் யுனெஸ்கோ அதிகாரி ஒருவர் காரில் வந்திறங்கி வேலையை நிறுத்துகிறார். எல்லோரும் வீட்டின் நடுமுற்றத்தைச் சுற்றிய வளவில் பந்தி போட்டுச் சாப்பிடுவதோடு நூல் நிறைவடைகிறது.

கடைசியாகச் சொன்ன நிகழ்வைத் தகவல் பிழையாகவே முதலில் குறித்தேன். செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014-இல் இந்தியாவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்க்கப்பட்டன என்பது உண்மை. ஆனால் உத்தேசப் பட்டியல் என்பது பின்னாளில் ஓர் இடத்தைப் பரிந்துரைப்பதற்கான முன்நிலை. தனியார் ஒருவர் தம் வீட்டுத் தூணைக் கழற்றி விற்பதை அதனால் தடுக்க இயலாது. இந்த ஊர்களில் வளரும் பிள்ளைகள் அடுத்த தெருவில் வீடு பிரிக்கப்படுவதைக் கண்ணால் காண்கிறவர்கள். எந்த அதிகாரியும் காரில் வந்து இறங்கவில்லை என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

வாசித்த பிள்ளைகள் கேட்டவை

பதிப்பகம் கைப்பிரதியின் படிகளைக் காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் இருந்த இரண்டு வாசிப்புக் குழுக்களுக்கு அனுப்பியது. எட்டாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை படிக்கும் மாணவர்கள். முந்தைய இரு பாகங்களையும் படித்தவர்கள். பிடித்ததா என்று கேட்க வேண்டாம், எந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடி வைத்தீர்கள் என்று மட்டும் கேளுங்கள் என நூலகப் பொறுப்பாளர்களிடம் சொல்லியிருந்தோம்.

பலரும் மூடி வைத்த இடம் நாகமணி. "முன்னாடியே இருந்துச்சுன்னா ரெண்டாம் பாகத்துல ஏன் சார் குடுக்கல?" என்று ஒரு மாணவி கேட்ட கேள்விக்கு நூலாசிரியரிடமும் விடை இல்லை. இன்னொரு மாணவன் மூன்று நூல்களின் ஓரங்களிலும் பென்சிலால் கோடு போட்டு எண்ணியிருந்தான். முதற்பாகத்தில் எட்டுத் திரிகளும் இரண்டாம் பாகத்தில் ஒன்பதும் செலவாகியிருக்க, எஞ்சியவை நான்கு. மூன்றாம் பாகத்திலோ பிள்ளைகள் ஆறு முறை போய்வருகிறார்கள். ஆறாவது பயணத்தின் பக்கத்தில் அவன் எழுதியிருந்தது "கடன்" என்ற ஒரே சொல்.

நிழற்கணக்கர் கரைந்துபோனதில் ஒருவருக்கும் மகிழ்ச்சியில்லை. நாச்சியப்பன் திரும்பி வந்ததைச் சிறியவர்கள் விரும்பினார்கள். பத்தாம் வகுப்பு மாணவர்கள் அவனை எந்தப் பள்ளியில் சேர்ப்பார்கள், ஆதார் அட்டை யார் பெயரில் வாங்குவார்கள் என்று சிரித்தார்கள். சிரிப்பாக வந்தாலும் கேள்வி கனமானது. எண்பது ஆண்டு கழித்து, தாயும் தகப்பனும் உடன்பிறந்தவர்களும் இல்லாத வீட்டில் ஒரு சிறுவனைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு அதை மகிழ்ச்சியான முடிவு என்று எப்படிச் சொல்வது?

நான் எதிர்பாராத கேள்விகள் இரண்டு வந்தன. வீடு தப்பித்த பிறகு முருகையாவுக்கு அதில் என்ன என்பது ஒன்று. பந்திக் காட்சியில் அவன் பரிமாறிக்கொண்டிருக்கிறான். அதை எழுதியவரும் கவனிக்கவில்லை, பதிப்பகத்தாரும் கவனிக்கவில்லை. மற்றொன்று, முதற்பாகத்தில் பிள்ளைகளை ஒளித்துவைத்துக் காப்பாற்றிய பர்மியச் சிறுமியைப் பற்றியது. அவளுடைய தகப்பனாரின் வயல் கடனுக்காக நாச்சியப்பன் வேலை பார்த்த கடையின் கைக்குப் போயிருந்ததை அதே பாகத்தில் ஒரு வரி சொல்லியிருந்தது. பிறகு அவளும் வரவில்லை, வயலும் வரவில்லை.

பற்று வரவு ஏடு

முடிவை மாற்றச் சொல்லி நூலாசிரியருக்கு எழுதுவதற்கு முன், இரு பாகங்களையும் மறுபடி படித்து ஓர் ஏடு தயாரித்தேன். ஒரு பக்கத்தில், முந்தைய பாகங்கள் வாசகரிடம் வாங்கிய நம்பிக்கைகள்: பெயர் சொல்லி அறிமுகப்படுத்திய பொருள்கள், விடை சொல்லாமல் விட்ட கேள்விகள், பாத்திரங்கள் ஒருவருக்கொருவர் கொடுத்த வாக்குகள். எதிர்ப்பக்கத்தில், அவை மூன்றாம் பாகத்தில் எங்கே திருப்பித் தரப்படுகின்றன என்ற விவரம். வட்டிக்கடைக் கணக்கு முடிக்கும்போது ஐந்தொகை (இருப்புநிலைக் கணக்கு) போட்டுப் பார்ப்பதைப் போன்ற வேலைதான். வெளியூர்க் கடைகளில் மேலாள், அதாவது முதலாளிக்காகக் கடையை நடத்துபவர், மூன்று வருடக் கணக்குக்குப் போய், கணக்கை முடித்து ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்புவது வழக்கம். மூன்று பாகம் எழுதும் ஒருவரிடமும் அந்த ஒழுங்கை எதிர்பார்க்கலாம் என்று தோன்றியது.

எதிர்ப்பக்கத்தில் பாதிக்கு மேல் வெற்றிடமாக இருந்தது. மூன்றாம் பாகம் புதுப்புதுப் பொருள்களை வரவழைத்துச் செலவு செய்துகொண்டிருந்ததே தவிர, ஏற்கெனவே வாங்கியதைத் திருப்பவில்லை. இறுதிப் பாகத்துக்குப் புது முதல் கூடாது என்பதே இந்தத் தொடரில் நான் வைத்த ஒரே கோரிக்கை. சித்தரும் மணியும் அதிகாரியும் போக வேண்டும். கதையைத் தீர்க்கத் தேவையானவை அனைத்தும் முதல் இரு பாகங்களுக்குள்ளிருந்தே வர வேண்டும்.

வந்தன. முதற்பாகத்தின் இரண்டாம் அத்தியாயத்தில், முருகையாவின் தாத்தா இடுப்பில் செருகிய சாவிக்கொத்தில் "எந்தப் பூட்டுக்கும் சேராத சிறு சாவி" ஒன்று இருப்பதாக ஒரு வரி. அதே அத்தியாயத்தில், மேல்மாடியில் யாராலும் திறக்கப்படாத தகரப் பெட்டி ஒன்று. இரண்டையும் நூலாசிரியர் வீட்டின் சூழலுக்காக மட்டும் எழுதியிருந்தார். ஒன்றோடொன்று சேரும் என்று நினைக்கவில்லை. ஐந்தாம் அத்தியாயத்தில் மொகல் தெருக் கடையின் சமையற்காரர் ஒருவர், திட்டிக்கொண்டே பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறார். அவருக்கு ஊர், பெயர் எதுவும் தரப்படவில்லை. இந்த மூன்று வரிகளிலிருந்துதான் புதிய முடிவு கட்டப்பட்டது.

திருத்திய பாகத்தில் அந்தச் சமையற்காரர் முருகையாவின் கொள்ளுத்தாத்தா. தமுப் பாதையில் நாச்சியப்பனுடன் கடைசிவரை இருந்தவர் அவர். சிறுவன் இறந்த பிறகு அவனுடைய துணியையும் திரிகளையும் எடுத்துக்கொண்டு நடந்தே இந்தியா வந்து, கேட்டுக் கேட்டு அந்த ஊரைக் கண்டுபிடித்து, அவனுடைய தாயாரிடம் ஒப்படைக்கிறார். அந்த ஆத்தா திரிகளை மாடக்குழியில் வைக்கிறார். துணியைப் பெட்டியில் பூட்டிச் சாவியைச் சமையற்காரரிடமே கொடுத்துவிடுகிறார். தாம் திறந்து பார்த்தால் மகன் இல்லை என்று ஆகிவிடும் என்பதால், தம் கையில் சாவி இருக்கக் கூடாது என்று நினைக்கிறார். சாவிக்கு உரியவர் வீட்டை விட்டுப் போகக் கூடாது என்றும் கேட்டுக்கொள்கிறார். காவற்காரர் குடும்பம் அந்த வீட்டுக்கு வந்த கதை இதுதான்.

மார்கழிச் சஷ்டி

சித்தரை நீக்கியதும் திரிகளுக்கு ஏன் அந்த ஆற்றல் என்ற கேள்வி திறந்துகொண்டது. அதற்கான விடை கற்பனையிலிருந்து வரவில்லை, நாட்காட்டியிலிருந்து வந்தது.

நகரத்தார் பிள்ளையார் நோன்பில் திருக்கார்த்திகையிலிருந்து இருபத்தொரு நாளுக்குப் புதுத்துணியிலிருந்து நாளுக்கு ஓர் இழையாக எடுத்து, அவற்றைத் திரியாக்கி, மார்கழி வளர்பிறைச் சஷ்டியும் சதய நட்சத்திரமும் கூடும் நாளில் மாவுப் பிள்ளையாரில் ஏற்றி, எரியும் திரியோடு உட்கொள்வார்கள். கடலில் வழி தவறிய வணிகர்கள் நாளை எண்ணுவதற்காக உடுத்த துணியிலிருந்து இழை எடுத்து வைத்தார்கள் என்பது இந்த நோன்புக்குச் சொல்லப்படும் கதை. நூலாசிரியர் முதற்பாகத்திலேயே இதைப் பயன்படுத்தியிருந்தார்.

ரங்கூன் மீது ஜப்பானிய விமானங்கள் முதன்முதலில் பெருந்தாக்குதல் நடத்திய நாள் 1941 டிசம்பர் 23. அந்த மாதம் முழுநிலவு 3-ஆம் தேதியும் அமாவாசை 18-ஆம் தேதியும் வந்தன. அமாவாசைக்குப் பின் சஷ்டியை எண்ணினால் 23, 24 தேதிகளில் வந்து நிற்கிறது. அதாவது, அந்த ஆண்டின் நோன்பும் குண்டுவீச்சும் ஒன்றையொன்று ஒட்டி நிகழ்ந்தன. கைப்பிரதியில் இவை இரண்டும் வெவ்வேறு மாதங்களில் இருந்தன. நான் தேதிகளை எழுதி அனுப்பிய அன்றே நூலாசிரியர் தொலைபேசியில் அழைத்தார். அதன்பின் அந்த அத்தியாயத்தைப் பற்றி நான் சொல்வதற்கு எதுவும் இருக்கவில்லை.

திருத்திய கதையில் நாச்சியப்பன் இருபத்தொரு இழையும் எடுத்து முடித்திருக்கிறான், கடை ஆட்கள் மாவு பிசைந்து வைத்திருக்கிறார்கள், விமானங்கள் வருகின்றன. விளக்கேற்றும் நேரத்தில் மொகல் தெருவே ஓடிக்கொண்டிருக்கிறது. ஏற்றப்படாமல் நின்ற நோன்பின் இழைகள் அவை. முடிக்கப்படாத ஒன்று வீட்டுக்குள் இருக்கும்வரை வீட்டின் கதவு அந்தக் காலத்துக்கே திறந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொரு முறை பிள்ளைகள் ஒன்றை ஏற்றும்போதும் நோன்பில் ஓர் இழை நிறைவேறுகிறது. எனவே, நான்கும் தீர்ந்தால் கதவு நிரந்தரமாக மூடும் என்பது தண்டனையாக இல்லாமல் இயல்பாகவே அமைந்தது. பென்சில் கோடு போட்ட மாணவனின் கணக்கும் சரியானது: ஆறு பயணங்கள் நான்காகக் குறைக்கப்பட்டன.

நிழற்கணக்கர் யார்

எங்கள் இருவருக்கும் இடையில் நீண்ட விவாதம் நடந்தது இந்தப் பாத்திரத்தைப் பற்றித்தான். நூலின் தரத்தைத் தீர்மானித்ததும் இதுதான் என்று நினைக்கிறேன். இளையோர் மாயப்புனைவில் எதிர்நாயகனை அழிப்பது கடைசிப் பாகத்தின் கடமை என்று ஓர் எழுதாத வழக்கம் உருவாகியிருக்கிறது. நிழற்கணக்கரை எந்த ஆயுதத்தால் அழிப்பது என்றே நூலாசிரியர் யோசித்துக்கொண்டிருந்தார். நான் கேட்டது வேறு: அவர் கையில் உள்ள பேரேட்டில் என்ன எழுதியிருக்கிறது?

வரலாறு அதற்கு விடை தருகிறது. சூயெஸ் கால்வாய் 1869-இல் திறக்கப்பட்ட பின் கீழ்ப்பர்மாவின் நெல் உலகச் சந்தைக்குப் போகத் தொடங்கியபோது, காடு திருத்தி வயலாக்கிய உழவர்களுக்குக் கடன் கொடுத்தவர்களில் முதலிடம் செட்டியார்களுக்கு உண்டு. நிலம் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. வட்டியோடு பணம் திரும்பி வருவதுதான் தொழில். 1930-களின் பெருமந்தத்தில் நெல் விலை சரிந்தபோது உழவர்களால் கடனைத் திருப்ப முடியாமல் போக, அடமானம் வைத்த வயல்கள் கடைகளின் பேருக்கு மாறின. கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் ஆறு விழுக்காடு அளவில் இருந்த செட்டியார் நிலவுடைமை, அந்தப் பத்தாண்டின் இறுதியில் நான்கில் ஒரு பங்கை எட்டியது. போருக்குப் பின் விடுதலை பெற்ற பர்மா 1948-இல் நில தேசியமயச் சட்டம் கொண்டுவந்தது. உழவரும் இழந்தார், கடன் கொடுத்தவரும் இழந்தார். கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் கோட்டையூரிலும் பாதி மூடிக் கிடக்கும் வீடுகளுக்கு இந்தச் சரிவும் ஒரு காரணம்.

ஆகவே நிழற்கணக்கர் வெளியிலிருந்து வந்த தீமை அல்லர். முடிக்கப்படாமல் மொகல் தெருவில் விடப்பட்ட அந்தக் கடையின் பேரேடுதான் உருவெடுத்து நடக்கிறது. முதற்பாகத்திலேயே அவர் பிள்ளைகளைத் தாக்குவதில்லை, பின்தொடர்கிறார் என்பதைக் கவனித்தால், இந்த விளக்கம் தொடருக்குள் முன்பே இருந்தது தெரியும். மூன்றாவது பயணத்தில் குண்டுவீச்சு நாளன்று கடைக்குள் நுழையும் வள்ளியம்மை, பேரேட்டைத் திறந்து பர்மியச் சிறுமியின் தகப்பனார் பெயரில் உள்ள பக்கத்தைப் படிக்கிறாள். அசலுக்கு மேல் எத்தனை மடங்கு வட்டி வந்து சேர்ந்திருக்கிறது என்பதை அவள் கூட்டிப் பார்க்கும் பத்தி, ஒரு போர்க்காட்சியைவிட விறுவிறுப்பாக வந்திருக்கிறது. அந்த ஏட்டை எரிப்பதா, எடுத்து வருவதா என்று அவள் தடுமாறுகிறாள். எரித்தால் கடன் மட்டும் மறையாது, அந்தக் குடும்பத்தின் பெயரும் மறைந்துபோகும். இரண்டையும் செய்யாமல் அந்தப் பக்கத்தின் அடியில் கோடிழுத்து வரவு வைத்து முடிக்கிறாள். பன்னிரண்டாம் அத்தியாயத்துக்குப் பிறகு நிழற்கணக்கர் தென்படுவதில்லை. அவர் போனதை நூல் அறிவிக்கவும் இல்லை. அந்த மௌனத்தைக் காப்பாற்ற நான் இரண்டு வாக்கியங்களை அடித்தேன்.

இதற்கு ஓர் எதிர்ப்பு வந்தது. கையெழுத்துப் படியைப் படித்த முதியவர் ஒருவர், தம் பாட்டனார் உழைத்துச் சம்பாதித்ததை ஒரு சிறுமி தவறென்று தீர்ப்பளிப்பதாக வருந்தினார். அந்த வருத்தம் நியாயமற்றது என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. கொண்டு விற்க, அதாவது வணிகத்துக்காகக் கடல் கடந்து, போன தலைமுறைகளில், நாச்சியப்பனைப் போன்ற சிறுவர்கள் தாய்முகம் பாராமல் ஆண்டுக்கணக்கில் கடையிலேயே உண்டு உறங்கிக் கணக்குப் பழகினார்கள். திருத்திய பாகம் அதையும் மறைக்கவில்லை: வள்ளியம்மை கோடிழுக்கும் பக்கத்தை எழுதியது நாச்சியப்பனின் கையெழுத்து. கணக்கு எழுதக் கற்றுக்கொண்டிருந்த பையன், தனக்கு விளங்காத ஒரு குடும்பத்தின் இழப்பை அழகான எழுத்தில் எழுதியிருக்கிறான். இரு தரப்பையும் ஒரே பக்கத்தில் வைக்க இதைவிட நல்ல வழி எங்களுக்குத் தோன்றவில்லை.

நாச்சியப்பன் வராமை

மூன்றாம் விதியின்படி ஒரு சிறுவனை அழைத்து வந்தால் ஒரு சிறுவனை விட்டு வர வேண்டும். முதல் கைப்பிரதி இந்த விதியையே மறந்திருந்தது. திருத்திய பாகத்தில் முருகையா தானே தங்குவதாகச் சொல்கிறான். "என்னைத் தேடி வரத்தான் எங்க வீட்ல ஆளில்ல, ஒன்னையத் தேடி ரெண்டு ஊரு வருமப்பா" என்று நாச்சியப்பன் மறுக்கிறான். காய்ச்சலில் கிடக்கும் பன்னிரண்டு வயதுப் பையன் பேசுவதற்கு இது மிகை என்று எனக்குப் பட்டது. வாசிப்புக் குழுவினர் இதைத் தொடக் கூடாது என்றார்கள், விட்டுவிட்டேன்.

அவன் இறப்பதை நூல் காட்டுவதில்லை. நான்காவது திரி எரியும்வரை பிள்ளைகள் அவனருகில் இருக்கிறார்கள். சமையற்காரர் கஞ்சி காய்ச்சுகிறார். பிறகு பெட்டி திறக்கும் அத்தியாயம் வருகிறது. இழை உருவிய துணியைக் கண்டு வாசகர் தாமே அறிந்துகொள்கிறார். இளையோர் நூலில் மரணம் வரலாமா என்ற பழைய விவாதத்துக்குள் நாங்கள் போகவே இல்லை. 1942-இல் அந்தப் பாதையில் வாந்திபேதியாலும் மலேரியாவாலும் பசியாலும் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். அவனை மட்டும் மாயத்தால் மீட்பது, மீளாதவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் வாழும் ஊரில் சரியாக இருக்காது.

விடை கொடுத்தல்

காரைக்குடியில் சா. கணேசன் 1939-இல் தொடங்கிய கம்பன் விழாவைச் சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர் நூலாசிரியர். கடைசி அத்தியாயம் எப்படி முடிய வேண்டும் என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது அவரே கம்பனை எடுத்தார். யுத்த காண்டம் முடிசூட்டோடு நின்றுவிடுவதில்லை. அதற்குப் பிறகு விடை கொடுத்த படலம் இருக்கிறது. துணைக்கு வந்தவர்களுக்கெல்லாம் பரிசு கொடுத்து, அவரவர் ஊருக்கு அனுப்பிவைத்த பின்னரே கம்பன் எழுத்தாணியைக் கீழே வைக்கிறான். உத்தரகாண்டத்தை அவன் பாடவில்லை. எங்கே நிறுத்துவது, யாரை அனுப்பிவிட்டு நிறுத்துவது ஆகிய இரண்டுக்கும் அது போதுமான வழிகாட்டி.

ஆகவே வீடு தப்பிப்பதில்லை. பங்காளிகள் பாகம் பிரித்துக்கொள்கிறார்கள். முகப்பும் வளவும் ஒரு கிளைக்குப் போக, பின்கட்டுகள் பிரிக்கப்படுகின்றன. தரையில் பதித்த ஆத்தங்குடிக் கற்கள் பெயர்க்கப்படும் காட்சி எவ்விதப் புலம்பலும் இல்லாமல் எழுதப்பட்டிருக்கிறது. கடைக்காரருக்கு, பர்மியச் சிறுமிக்கு, சமையற்காரருக்கு என்று ஒவ்வொருவருக்கும் சில வரிகளில் விடை கிடைக்கிறது.

முருகையாவுக்கு என்ன கொடுப்பது என்பதில் எங்களுக்குள் உடன்பாடு ஏற்படவில்லை. நகரத்தார் கோயில் கணக்கில் மணமான குடும்பமே ஒரு புள்ளி, அதாவது கணக்கில் ஏறும் ஓர் அலகு. மணமாகாமல் இறந்த நாச்சியப்பனுக்குப் புள்ளி இல்லை, அவன் பெயரை இட்டுக்கொள்ளப் பேரனும் இல்லை. வீட்டைத் தலைமுறையாகக் காத்த முருகையாவின் குடும்பத்துக்கும் பத்திரத்தில் இடமில்லை. கணக்கில் இல்லாத இந்த இருவரையும் ஒரே ஏட்டில் சேர்ப்பது நூலாசிரியரின் எண்ணம், மிக நல்ல எண்ணம். வள்ளியம்மை புது ஏடு ஒன்றில் நாச்சியப்பனின் பெயரை எழுதி, அவனை வீட்டுக்குக் கொண்டுவந்த வகையில் இந்த வீடு முருகையா குடும்பத்துக்குக் கடன்பட்டிருக்கிறது என்று பற்று எழுதி, பாகப்பிரிவினைக்குக் கூடியிருக்கும் பெரியவர்கள் முன் வைக்கிறாள். மூத்த ஐயா அதை உரக்கப் படிக்கிறார். நூல் அங்கே நின்றுவிடுகிறது.

பின்கட்டு மனையை எழுதிக் கொடுத்தார்கள் என்று ஒரு வரியாவது வேண்டும் என்பது என் கருத்து. வாக்கைப் படித்துவிட்டுக் கலைந்துபோகும் கூட்டங்களைப் பிள்ளைகள் நிறையப் பார்த்திருக்கிறார்கள். கொடுத்ததாக எழுதினால் அது செட்டியார் வீட்டுப் பெருந்தன்மையின் கதையாகிவிடும், கடனின் கதையாக இருக்காது என்று நூலாசிரியர் மறுத்தார். அவருடைய முடிவே அச்சானது. வாசிப்புக் குழுக்களும் இந்த இடத்தில் இரண்டாகப் பிரிந்தன. தேவகோட்டைக் குழுவில் பெரும்பாலோர் என் பக்கம். இன்று திரும்பப் படிக்கும்போதும் என் கருத்து மாறவில்லை. ஆனால் அவருடைய காரணம் என்னுடையதைவிட ஆழமானது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

முதற்பாகத்தில் செய்த திருத்தம்

இறுதிப் பாகம் முடிவானதும் முந்தைய பாகங்களின் மறுஅச்சில் எவற்றை மாற்றலாம் என்ற கேள்வி எழுந்தது. சமையற்காரருக்கு முருகையாவின் சாயல் இருப்பதாக ஒரு குறிப்பை முதற்பாகத்தில் சேர்க்கப் பதிப்பகம் விரும்பியது. பழைய பதிப்பை வைத்திருக்கும் வாசகர்களுக்கு இல்லாத ஒரு சான்றைப் புதிய வாசகர்களுக்கு மட்டும் கொடுப்பது முறையல்ல என்று நானும் நூலாசிரியரும் சேர்ந்து மறுத்தோம். சாவியும் பெட்டியும் சோறும் முதற்பதிப்பிலேயே இருக்கின்றன. தேடுபவருக்கு அவை போதும். ஒரே ஓர் இடம் மட்டும் திருத்தப்பட்டது. முதற்பாகத்தில் வெற்றிலைப் பெட்டி திறக்கும் காட்சியில் திரிகள் "வெள்ளி இழைகளாய் மின்னின" என்று இருந்தது. அவை பருத்தித் துணியிலிருந்து உருவியவை என்பதால், மறுஅச்சில் அவை "பழுப்பேறிக் கிடந்தன" என்று மாற்றப்பட்டிருக்கிறது.